கைகண்ட மருந்து

உத்திரமேரூர் என்றவுடன் கற்றோர் நெஞ்சில் முதற்கண் தோன்றுவது குடவோலை முறையே ஆகும். அவ்வூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவர்களில், முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-ஆம் ஆண்டிலும் 921-ஆம் ஆண்டிலும் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள் அம்முறையை விரிவாக எடுத்துரைக்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. குடும்புதோறும் தகுதியுடையார் பெயர்களைத் தனித்தனி ஓலைகளில் எழுதிக் குடத்தில் இட்டனர். ஏதுமறியாச் சிறுவன் ஒருவனை அழைத்து, அக்குடத்தினின்றும் ஓர் ஓலையை எடுக்கச் செய்தனர். எவர் பெயர் வந்ததோ அவர் ஓராண்டு ஊர்ப்பணி ஆற்றினார். தோட்டத்துக்கு ஒரு வாரியம், பொன்னுக்கு ஒரு வாரியம் என வகுத்தவர்கள், ஏரியைக் காப்பதற்கென்றே அறுவரைக் கொண்ட ஏரி வாரியம் ஒன்றையும் அமைத்தனர்.

இக்கல்வெட்டைப் பாராட்டுவோர் பெரும்பாலும் சிறுவன் ஓலை எடுத்த செய்தியையே வியந்து பேசுவர். எனக்கோ அதற்கு முந்திய பகுதியே பெரிதாகத் தோன்றுகிறது. குடத்தில் ஓலை விழுமுன் தகுதி ஆராயப்பட்டது. வயது இன்னது, நிலம் இவ்வளவு, கல்வி இத்தகையது, ஒழுக்கம் இத்தகையது என்று வரையறுத்தனர். முன்னர்ப் பணியிலிருந்து கணக்குக் காட்டாதவரையும் அவர்தம் உறவினரையும் விலக்கினர். ஆதலின், சிறுவன் கை எந்த ஓலையைத் தொட்டாலும் ஊருக்குக் குறை நேராது. எவர் பெயர் வரும் என்பது தற்செயல். வரும் பெயர் எதுவாயினும் அது தக்கார் பெயராக இருக்கும் என்பது ஏற்பாடு.

மாணவர்களே! இதனை ஈண்டுக் கூறுவதற்குக் காரணம் உண்டு. ஓலையும் குடமும் இல்லாத குடவோலை ஒன்று இன்றும் நம் நடுவே நடந்துகொண்டிருக்கிறது. கோடை விடுமுறையில் கிணற்றில் குதித்து விளையாடிய சிறுவன் மேலே வரவில்லை. பம்புசெட்டு அறையில் ஈரக் கையோடு விசையைத் தொட்ட உழவர் மின்சாரம் தாக்கி வீழ்கிறார். பேருந்துக்காக நின்றிருந்த பெரியவர் மார்பைப் பற்றிக்கொண்டு சாய்கிறார். அந்நொடியில் அருகே நிற்பவர் யார்? மருத்துவராக இருத்தல் அரிது. ஆடு மேய்ப்பவராக இருக்கலாம். தேநீர்க் கடைக்காரராக இருக்கலாம். புத்தகப் பையோடு வீடு திரும்பும் நீங்களாகவே இருக்கலாம். நம் எல்லோர் பெயரும் நம்மைக் கேளாமலே அக்குடத்தில் இடப்பட்டுள்ளன. ஆனால், பழைய ஊரார் முதலிற் செய்த வேலையை, அஃதாவது குடத்தில் உள்ளாரெல்லாம் தகுதியுடையார் ஆதற்கு வேண்டிய ஏற்பாட்டை, நாம் இன்னும் செய்தோமில்லை.

அருகே நிற்பவர்க்கு வேண்டிய அத்தகுதி யாது? நின்றுபோன இதயத்தைக் கைகளால் அழுத்தி இயக்கி, அடங்கிய மூச்சை ஊதி எழுப்பி, மருத்துவ உதவி வரும்வரை உயிரைப் பிடித்து நிறுத்தும் பயிற்சியே அது. சி.பி.ஆர். என்னும் ஆங்கில எழுத்துகளால் வழங்கும் அதனை இதய நுரையீரல் மீட்பு என்று தமிழில் எழுதுவர். ‘உயிர்த்தல்’ என்னும் நம் சொல் மூச்சு விடுதலையும் குறிக்கும். உயிர் பெறுதலையும் குறிக்கும். அதுபற்றி, யான் அதனை உயிர்ப்பு மீட்பு என்றே இக்கட்டுரையில் சுட்டுகின்றேன்.

இதயம் நின்றவுடன் குருதியோட்டம் நிற்கிறது. குருதி வழியாக உயிர்வளி மூளைக்குச் செல்வதும் நிற்கிறது. பிற உறுப்புகள் சிறிது நேரம் பொறுக்கும், மூளை பொறுக்காது. ஏறத்தாழ நான்கு நிமிடங்களில் அது கேடுறத் தொடங்கும். பத்து நிமிடங்கள் வாளா கழிந்தால் மீட்பது மிக அரிது. உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். உத்திரமேரூரிலேயே அரசு மருத்துவமனை உண்டு. எனினும், சாலவாக்கத்தை அடுத்த ஒரு வயற்காட்டிலிருந்தோ, மானாம்பதியை அடுத்த ஒரு கிணற்றடியிலிருந்தோ அங்கு வந்து சேர நான்கு நிமிடங்கள் போதா. 2008-ஆம் ஆண்டு முதல் 108 என்னும் எண்ணுக்கு ஓடிவரும் ஊர்தி தமிழகத்தில் எண்ணற்ற உயிர்களைக் காத்துள்ளது. அதனை ஓட்டுவோர் எத்துணை விரைந்தாலும், ஏரிக்கரையின் ஒற்றையடிப் பாதை அவர்க்காக அகலமாகிவிடாது. அவர்கள் வந்து சேரும் வரையுள்ள நேரம் அருகே நிற்பவருடையது.

மருத்துவமனை அண்மையில் இருந்துவிட்டாற் போதும் என எண்ணுவோர் திருமுக்கூடலை நினைத்தல் வேண்டும். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் அவ்வூர் நம் மாவட்டத்திலேயே உள்ளது. அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலில், 11-ஆம் நூற்றாண்டில் ஆண்ட வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று காணப்படுகிறது. வீரசோழன் என்னும் பெயருடைய ஆதுலர்சாலை ஒன்று 15 படுக்கைகளுடன் அங்கு நடைபெற்ற செய்தியை அது தெரிவிக்கிறது. நோய் நாடி மருந்து தர ஒரு மருத்துவர், அறுவை செய்ய ஒருவர், மூலிகை கொணர்வோர், நோயாளரைப் பேணும் பெண்டிர் என அனைவர்க்கும் ஊதியம் வகுக்கப்பட்டிருந்தது. இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இத்துணைச் செவ்விய ஏற்பாடு! அதனை எண்ணி நாம் பெருமிதம் கொள்வது முறையே. ஆயினும், முக்கூடல் வெள்ளத்தில் மூழ்கி எடுக்கப்பட்ட ஒருவனைச் சுற்றி ஆற்றங்கரையில் இருந்தோர் கைகட்டி நின்றிருப்பின், கூப்பிடு தொலைவில் இருந்த அப்படுக்கைகளால் அவனுக்கு என்ன பயன் விளைந்திருக்கும்? இன்றைய மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும். அவை உயிருள்ளாரைக் காக்கும் இடங்கள். உயிரோடு அங்கே கொண்டு சேர்ப்பது வேறொருவர் வேலை.

உயிர்ப்பு மீட்பைக் கண்டவர் வரலாறும் ஈண்டு அறியத்தக்கது. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் நிறுவனத்தில் ஆய்ந்த கூவென்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் என்னும் மூவர், மார்பை வெளியிலிருந்து அழுத்தி இதயத்தை இயக்கும் முறையை 1960-ஆம் ஆண்டில் உலகுக்கு வெளியிட்டனர். மூவருள் மூத்தவராகிய கூவென்ஹோவன் மருத்துவர் அல்லர், மின்பொறியாளர். அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே எலாம், சாபர் என்னும் மருத்துவர் இருவர், நாம் வெளிவிடும் மூச்சே பிறர்க்கு ஊதப் போதுமானது என மெய்ப்பித்திருந்தனர். உள்ளிழுக்கும் காற்றில் நூற்றுக்கு 21 பங்கு உயிர்வளி. வெளிவிடும் காற்றிலும் 16 பங்கு எஞ்சியிருக்கும். இனி, இதனைப் பயில்வதற்குரிய பாவையைச் செய்தளித்தவர் லேர்டால் என்னும் நார்வே நாட்டு விளையாட்டுப் பொம்மை உற்பத்தியாளர். பொறியாளரும் பொம்மை செய்வோரும் சேர்ந்து வளர்த்த கலையை மருத்துவர்க்கே உரியது என்று நாம் ஒதுக்குவது எவ்வாறு பொருந்தும்?

இனி அதன் முறையைக் கூறுவேன். படித்த அளவில் இது கைவந்துவிடாது. நீச்சலை நூலிற் படித்துவிட்டுக் குளத்தில் குதிப்பார் இல்லை. ஆயினும், பயிற்சிக்கு வருவோர் இன்னது செய்யப் போகிறோம் என அறிந்து வருதல் நலம்.

முதலில் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும். மின்சாரம் தாக்கியவரைத் தொடுமுன் மின்னோட்டத்தை நிறுத்துக. அறுந்து வீழ்ந்த மின்கம்பியாயின் கிட்டவே செல்லற்க. மின்வாரியத்தார்க்கு உடனே அறிவிக்க. நீரில் தத்தளிப்பவனைக் காக்க நீந்தத் தெரியாதவன் குதித்தால், ஊரார் இருவரைத் தேட வேண்டியதாகும். கயிறோ, வேட்டியோ, நீண்ட கழியோ நீட்டுக. மூடியிட்ட வெற்றுக் கேனை எறிந்தாலும் பற்றிக்கொண்டு மிதப்பான்.

வீழ்ந்து கிடப்பவரைத் தோளில் தட்டி உரக்க அழைக்க. விடை இல்லையாயின், மூச்சு வருகிறதா என மார்பை நோக்குக. இதற்குப் பத்து நொடிக்குமேல் ஆகலாகாது. வாய் திறந்து, விட்டுவிட்டு, விக்கல் போல் வரும் மூச்சினை மூச்சு எனக் கொள்ளற்க. ‘மூச்சு இருக்கிறது, பொறுங்கள்’ என்று பலர் ஏமாறிப் பொழுது போக்குவது அங்கேதான். கூட்டத்தில் ஒருவரை நேரே சுட்டி, ‘நீ 108-ஐ அழை’ என்று ஏவுக. ‘யாராவது அழையுங்கள்’ என்று பொதுவாகக் கூவினால், ஒவ்வொருவரும் மற்றவர் அழைத்திருப்பார் என்றிருந்து விடுவர்.

கட்டிலில் வைத்துச் செய்தல் கூடாது. கட்டாந்தரையில் மல்லாக்கக் கிடத்துக. பக்கத்தில் மண்டியிட்டு, மார்பின் நடுவே, மார்பெலும்பின் கீழ்ப்பாதியில், உள்ளங்கையின் மணிக்கட்டை ஒட்டிய பகுதியை ஊன்றுக. மற்றக் கையை அதன்மேல் வைத்து விரல்களைக் கோத்துக்கொள்க. முழங்கை மடங்காமல், தோள் கைக்கு நேர்மேலே நிற்க, உடலின் எடை இறங்குமாறு அழுத்துக. வளர்ந்தவர்க்கு மார்பு 5 முதல் 6 சென்டிமீட்டர் வரை தாழ வேண்டும். ஒவ்வோர் அழுத்தத்தின் பின்னும் மார்பு முழுதும் மேலெழ விடுக; அழுத்தும்போது இதயத்திலிருந்து குருதி வெளியேறும், விடும்போது மீண்டும் நிறையும். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, அஃதாவது நொடிக்கு இரண்டுக்குச் சற்றுக் குறைவாக, வாய்விட்டு எண்ணிக்கொண்டு அழுத்துக. விலா எலும்பு முறியுமே என அஞ்சுவார் உளர். முறியவும் கூடும், முறிந்த எலும்பு நாளடைவில் கூடிவிடும். நின்ற இதயமோ காத்திருந்தால் தானே ஓடத் தொடங்குவதில்லை.

30 முறை அழுத்தியபின் இரண்டு முறை மூச்சு ஊத வேண்டும். தலையைச் சற்றுப் பின்னே சாய்த்து, முகவாயை உயர்த்தி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயோடு வாய் பொருத்தி மார்பு எழுமாறு ஊதுக. ஊதப் பழகாதவர் அழுத்துதலை மட்டுமாவது விடாது செய்க. இதயம் திடீரென நின்ற பெரியவர்க்குக் குருதியில் உயிர்வளி சிறிது எஞ்சியிருக்கும். ஆதலின் அழுத்துதல் மட்டுமே சில நிமிடங்கள் தாங்கும். நீரில் மூழ்கியவர்க்கு அஃது எஞ்சியிராது. பயின்றவர் அவர்க்கு முதலில் இருமுறை மூச்சு ஊதிய பின்னரே அழுத்தத் தொடங்குவர். ஏரியும் கிணறும் சூழ்ந்த ஊர்களில் வாழும் நாம் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது. சிறுவர்க்கு மார்பின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு தாழ்ந்தாற் போதும்; கைக்குழந்தைக்குரிய முறையைப் பயிற்சியாளரிடம் நேரிற் கற்க.

இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுக; களைத்த கை ஆழ அழுத்தாது. ஊர்தி வரும்வரை, அல்லது கிடப்பவர் தாமே அசைந்து மூச்சுவிடும்வரை நிறுத்தற்க. மூச்சு மீண்டால் ஒருக்களித்துக் கிடத்துக. மின்னதிர்ச்சி தந்து இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவிகளை வானூர்தி நிலையம் போன்ற இடங்களில் வைத்துள்ளனர்; சிற்றூர்களுக்கும் அவை வந்து சேரட்டும். அதுவரை கைகளே கருவி.

செய்யத்தக்கதைக் கூறினேன். செய்யத்தகாதது ஒன்றை அழுத்தமாகவே கூற வேண்டியுள்ளது. மூழ்கி எடுக்கப்பட்ட பிள்ளையைத் தலைகீழாகத் தூக்கிச் சுழற்றுவதும், தோளில் கவிழ்த்துக்கொண்டு ஓடுவதும், வயிற்றை மிதித்தும் பிசைந்தும் நீரை வெளியேற்ற முயல்வதும் நம் ஊர்ப்புறங்களில் நெடுநாளாக வழங்கும் பழக்கம். அன்பினாலும் பதற்றத்தாலும் அவ்வாறு செய்வோரை இகழ்வதற்கில்லை. மேல்நாட்டாரும் ஒரு காலத்தில் மூழ்கியோரைப் பீப்பாயின்மேல் உருட்டினர். 18-ஆம் நூற்றாண்டில் துருத்தி கொண்டு புகையிலைப் புகையைக் குடலுள் ஊதியதும் உண்டு! அவற்றோடு ஒப்பிட்டால் நம்மவர் செயல் அத்துணை வேடிக்கையானதன்று. ஆனால், அவர்கள் அவற்றை விட்டொழித்தனர், நாம் விடவில்லை. வயிற்றை அமுக்கினால் உணவும் நீரும் மேலேறி மூச்சுக்குழலை அடைக்கும். சுழற்றும் நேரமோ அப்பிள்ளைக்கு மிஞ்சியிருந்த நேரம். வாயில் சேறோ வாந்தியோ இருப்பின் தலையை ஒருபுறம் சாய்த்துத் துடைத்துவிட்டு, உடனே உயிர்ப்பு மீட்பைத் தொடங்குதலே தக்கது.

அறியாமையை விடக் கொடியது வேறொன்று உண்டு. அது தொடத் தயங்குதல். கிடப்பவர் எந்தத் தெருவினர், எந்தக் குலத்தினர் என்று ஒரு கணம் எண்ணிப் பின்வாங்கும் கை இன்னும் நம்மிடையே இல்லாமற் போகவில்லை. 1950-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பு தன் 17-ஆம் பிரிவால் தீண்டாமையை ஒழித்தது. சட்டம் தாளில் ஒழித்ததைக் கை ஒழித்ததா என்பது இத்தகைய நேரத்திலேதான் தெரியும். வாயோடு வாய் வைத்து ஊதும் கலையில் குலம் பார்ப்பவனுக்கு இடமில்லை. அவன் ஊதாமல் விட்ட மூச்சுக்கு அவனே பொறுப்பு. இன்னொரு தயக்கம், வீழ்ந்தவர் பெண்ணாயிருப்பின் மார்பில் கை வைக்க நாணுதல். இந்நாணம் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டு ஆய்வுகளும் பொது இடங்களில் வீழ்ந்த பெண்டிர்க்கு ஆடவரினும் குறைவாகவே இவ்வுதவி கிடைப்பதைக் காட்டியுள்ளன. நாணத்தைக் காக்க வேண்டின் சுற்றி நிற்பவர் சேலையைத் திரையாகப் பிடிக்கலாம். உயிரை விடுத்து நாணத்தைக் காத்தோம் எனப் பெற்றவரிடம் எவர் சென்று கூறுவார்?

காவல் நிலையத்துக்கும் வழக்கு மன்றத்துக்கும் அலைய நேருமே என்ற அச்சம் முன்னர் இருந்தது. சாலை விபத்தில் உதவுவோரைத் துன்புறுத்தலாகாது என்னும் வழிகாட்டு நெறிகளை உச்ச நீதிமன்றம் 2016-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் உறுதிப்படுத்தியது. 2019-ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் நல்லெண்ணத்தோடு உதவுவோர்க்குப் பாதுகாப்பும் அளித்துள்ளது. எனவே அவ்வச்சத்துக்கு இன்று பெரிதும் இடமில்லை.

பாடச் சுமை முன்னரே மிகுந்திருக்க இதனையும் பள்ளியில் சேர்ப்பதா என ஆசிரியர் சிலர் கேட்பர். இக்கேள்வி முறையானதே. டென்மார்க் நாட்டில் நிகழ்ந்தது இதற்கு விடையாகும். 2001-ஆம் ஆண்டில் அந்நாட்டில் மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்று வீழ்ந்தோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 21 பேர்க்கே அருகிலிருந்தோர் உதவினர். 2005-ஆம் ஆண்டில் பள்ளிகளில் இப்பயிற்சியைக் கட்டாயமாக்கினர். வாகன ஓட்டுநர் உரிமம் பெறுவோர்க்கும் விதித்தனர். வேறு ஏற்பாடுகளும் செய்தனர். 2010-ஆம் ஆண்டில் அத்தொகை 45 ஆயிற்று. வீழ்ந்து 30 நாள் கடந்தும் உயிரோடிருந்தோர் நூற்றுக்கு 3.5 என்பதிலிருந்து 10.8 ஆக உயர்ந்தனர். பத்தில் ஒருவர்தாமா என உதடு பிதுக்குவார் இருப்பர். அழுத்தினால் எல்லோரும் எழுவர் என எவரும் கூறவில்லை; திரைப்படத்தில் எழுவது போல் எழுவதும் இல்லை. ஆயினும் அவ்வொருவர் யாருக்கோ தாய், யாருக்கோ மகன். 12 வயது முதல் ஆண்டுக்கு இரண்டு மணி நேரம் பயிற்றலாம் என்னும் பரிந்துரையை உலக நலவாழ்வு நிறுவனம் 2015-ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. ஓராண்டில் இரண்டு மணி நேரம் எந்தப் பாடத்தையும் நலித்துவிடாது. இலக்கணத்தை நலித்துவிடாது என்பதற்கு யானே பிணை.

கோடை விடுமுறை தொடங்குமுன், கிணறுகள் பிள்ளைகளை அழைக்குமுன், பள்ளிதோறும் ஒரு பிற்பகலை இதற்கென ஒதுக்குக. விலையுயர்ந்த பாவை கிடைக்கவில்லை என்று காத்திருக்க வேண்டா. வைக்கோல் இறுகத் திணித்த சாக்கு ஒன்று அழுத்திப் பழகுவதற்குப் போதும். கற்பிக்க அரசு மருத்துவமனைச் செவிலியரையும் 108 ஊர்திப் பணியாளரையும் வேண்டிக்கொள்க. மாணவியரும் மாணவரும் ஒருங்கே பயில்க. ஏரிக்கரைத் தெருவில் உள்ளார்க்கும், பம்புசெட்டு உடைய உழவர்க்கும், பேருந்து நிலையத்துக் கடைக்காரர்க்கும் அன்றைக்கு அழைப்பு அனுப்புக. சாக்கின்முன் மண்டியிட்டு ஒவ்வொருவரும் நூறுவரை எண்ணி அழுத்தட்டும்; தோள் வலித்தாலன்றி ஆழம் போதாது என்று ஆசிரியர் அருகே நின்று சொல்லட்டும்.